தாதிமை இல்ல மென்பொருளில் ‘மறுத்தார்’ என்ற ஒரு சொல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். 88 வயதான என் தாயார், பக்கவாதத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளாகத் தாதிமை இல்லம் ஒன்றில் தங்கியிருக்கிறார். இத்தகைய இல்லங்களின் அன்றாட வேலைகளை மென்பொருள் கொண்டு செம்மைப்படுத்துவது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. அந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால், அதில் விடுபட்டுப் போயிருக்கும் ஒன்றை என் தாயாரின் கட்டிலருகே நேரில் கண்டதால் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் நான் சென்றபோது, பணியிலிருந்த தாதி தம் கைக்கணினியைத் திருப்பி என் தாயாரின் நீர் அருந்தும் அளவைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை 1,250 மில்லிலிட்டர், புதன்கிழமை 900, வியாழக்கிழமை 650, வெள்ளிக்கிழமை 500. கோடு மாடிப்படி போல இறங்கிக்கொண்டே வந்து, கடைசி இரண்டு நாள்களில் மஞ்சள் நிறமாக மாறியிருந்தது. ஒவ்வொரு நாளிலும் நாலைந்து இடங்களில் ‘மறுத்தார்’ என்ற ஒரே சொல் தேர்வு செய்யப்பட்டிருந்தது. மருத்துவருக்குச் செய்தி அனுப்பியிருப்பதாகவும், காரணம்தான் தெரியவில்லை என்றும் அந்தத் தாதி கவலையோடு சொன்னார்.

நான் என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா தண்ணி குடிக்க மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டேன். “குடிச்சா போகணுமே. நீர்க்கடுப்பு உசிரு போகுதுடி. மிஸ்ஸிகிட்ட அப்பவே சொல்லிட்டேனே” என்றார். அவர் சொல்லித்தான் இருக்கிறார். மியன்மாரிலிருந்து வந்த, என் தாயாரைப் ‘பாட்டி’ என்று அன்போடு அழைக்கும் பராமரிப்பு ஊழியரிடம், தமிழில், ஒருமுறைக்கு நாலுமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணும் பாட்டி ஏதோ கேட்கிறார் என்று எண்ணி, மறுபடியும் தண்ணீர்க் குவளையையே நீட்டியிருக்கிறார். அன்று மாலையே சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள், கிருமித்தொற்று இருந்தது, மருந்து கொடுத்தபின் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அந்த வயதில் சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவினால் என்ன ஆகும் என்பதையும், அதனால் வரும் மனக்குழப்பத்தை மறதிநோய் முற்றிவிட்டதாக எண்ணி விட்டுவிட எவ்வளவு வாய்ப்புண்டு என்பதையும் நான் படுக்கைப் பிரிவுகளில் பலமுறை பார்த்தவள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் மென்பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை. சொல்லப்போனால், அது இல்லாமல் இருந்திருந்தால் அந்த நான்கு நாள் சரிவே யார் கண்ணிலும் பட்டிருக்காது. நாங்கள் வேலை செய்த காலத்தில் கட்டிலின் காலடியில் ஓர் அட்டை தொங்கும். உள்ளே சென்ற நீர், வெளியே வந்த நீர் எல்லாவற்றையும் அதில் எழுதி, நள்ளிரவில் கூட்டிப் போட்டுவிட்டு, மறுநாளுக்குப் புதுத்தாள் மாட்டுவோம். நேற்றைய தாள் கோப்புக்குள் போய்விடும். நான்கு தாள்களையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்க்க எந்தத் தாதிக்கு நேரம் இருந்தது? எண்கள் ஒரே திரையில் வரிசையாக நிற்பது எத்தனை பெரிய உதவி என்பது அந்த அட்டையோடு பழகியவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும்.

படுக்கைப் புண் வராமல் காக்க, தாமாகப் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாலபாடம். பழைய தாள்களில் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாக் கட்டங்களிலும் ஒரே மையில், ஒரே சாய்வில் கையெழுத்து விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறை இருந்த இரவுகளில் நானும் அப்படி விடியற்காலையில் சேர்த்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். வேலையைச் செய்தோம், ஆனால் செய்த நேரத்தில் எழுதவில்லை. இப்போது கைக்கணினி கட்டிலருகே இருந்தால் அந்தக் கணத்திலேயே பதிவு செய்துவிடலாம், அடுத்த முறை எப்போது என்பதையும் அதுவே நினைவூட்டும். ஆனால், இருபது கட்டில்களுக்கு ஒரே ஒரு கணினி, அதுவும் தாதியர் முகப்பில் இருந்தால், மறுபடியும் பழைய கதைதான். வேலைநேரம் முடியும் தறுவாயில் எல்லாரும் வரிசையில் நின்று, எட்டு மணி நேரத்து வேலையையும் ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். கணினி குறித்துக்கொள்வது பதிவு செய்த நேரத்தை மட்டுமே என்பதை நிர்வாகிகள் மறந்துவிடக் கூடாது. எதற்கும் இருக்கட்டும் என்று தாளிலும் எழுதச் சொல்லி, கணினியிலும் பதியச் சொல்லும் இல்லங்கள் ஊழியர்களின் வேலையை இரட்டிப்பாக்குகின்றன. ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தாளை உண்மையிலேயே நிறுத்தும் துணிவு இல்லாவிட்டால், மென்பொருள் மிச்சப்படுத்தும் நேரம் ஒருபோதும் கட்டிலருகே வந்து சேராது.

உணவு விஷயத்தில் கிடைத்திருக்கும் நன்மையை நான் குறிப்பாகச் சொல்லவேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கான உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் அனைத்துலக முறை இன்று நடைமுறையில் உள்ளது. பேச்சு சிகிச்சையாளர் பிற்பகலில் வந்து பரிசோதித்து, ஒருவரின் நிலையை மாற்றி எழுதினால், முன்பெல்லாம் அந்தத் தாள் சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரவு உணவு பரிமாறப்பட்டுவிடும். இப்போது அதே மாலைக்குள் சமையலறைப் பட்டியல் மாறிவிடுகிறது. புரையேறி உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்பதால், இந்தச் சில மணி நேர வேறுபாடு உயிரைக் காப்பதாகும்.

அதே உணவுப் பதிவில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். என் தாயாருக்கு நான் கொண்டுபோகும் மோரையும் ரசத்தையும், அவருக்கு விதிக்கப்பட்ட அளவுக்குக் கெட்டியாக்கும் மாவைக் கலந்து, தாதியின் கண்முன்னே ஊட்டுவேன். ஒருநாள் 200 மில்லிலிட்டர் மோர் குடித்ததைப் பதிவு செய்ய அந்த ஊழியர் பட்டியலைத் தேடினார். தண்ணீர், தேநீர், காப்பி, மைலோ, பழச்சாறு, சூப், பால் எல்லாம் இருந்தன. மோரும் இல்லை, ரசமும் இல்லை, கஞ்சித் தண்ணீரும் இல்லை. கடைசியில் ‘மற்றவை’ என்பதைத் தொட்டார். ஆனால், அங்கே பதிந்த அளவு அன்றைய மொத்தக் கணக்கில் சேரவில்லை. சின்ன விஷயம்தான். ஆனால், நம் முதியவர்கள் விரும்பிக் குடிப்பதெல்லாம் கணக்கில் வராமல் போனால், நன்றாகக் குடிப்பவரையும் குடிக்காதவராகக் காட்டும் பதிவு அது. பட்டியலில் மூன்று சொற்களைச் சேர்ப்பது மென்பொருள் உருவாக்குபவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது.

நான் முதன்மையாகச் சொல்ல வந்தது சொற்களைப் பற்றியது. நோயை நாம் சொல்லும் விதமே ஒரு பரிசோதனை. ‘நெஞ்சு கரிக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் வயிற்றுப் புளிப்பை நினைப்பேன்; ‘நெஞ்சை அடைக்கிறது’ என்றால் உடனே இதயத்துடிப்பு வரைபடம் எடுக்கச் சொல்வேன். கால் குடைகிறது, கால் உளைகிறது, கால் மரத்துப்போகிறது, கால் கடுக்கிறது என்பவை நான்கு வெவ்வேறு செய்திகள். தலைவலி என்றாலும் ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’ என்பது ஒன்று, ‘கனமாக இருக்கிறது’ என்பது வேறொன்று. இவை எல்லாம் கைக்கணினியில் ‘வலி: ஆம்’ என்ற ஒரு பொத்தானாகவும் 0 முதல் 10 வரையிலான ஓர் எண்ணாகவும் சுருங்கிவிடுகின்றன. மறதிநோய் உள்ளவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழிகளை முதலில் இழந்து, தாய்மொழிக்கே திரும்பிச் செல்வதைத் தாதியர் பலரும் அறிவார்கள். துறைமுகத்திலும் கடைகளிலும் ஐம்பது ஆண்டுகள் மலாய் பேசி வாழ்ந்தவர்கள்கூட இறுதிக் காலத்தில் அம்மாவிடம் பேசிய மொழியில்தான் முனகுகிறார்கள். அந்த முனகலைக் கேட்பவர் மியன்மாரையோ பிலிப்பீன்சையோ சேர்ந்தவராக இருக்கலாம். அவர்கள் காட்டும் அன்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் தாயாரை அவர்கள் குளிப்பாட்டும் விதத்தைப் பார்த்து நான் கண்கலங்கியிருக்கிறேன். புரியாத சொல்லைப் பத்திரப்படுத்தி, புரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்கள் கையில் ஒரு வழி இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்த வழியை மென்பொருளால் தரமுடியும். குடியிருப்பாளரின் பெயரைத் தொட்டவுடன் திறக்கும் முதல் திரையிலேயே, அவருக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியலுக்குப் பக்கத்தில், அவர் பேசும் மொழி எது, அது மட்டும்தானா என்பது இருக்கவேண்டும். ‘மறுத்தார்’ என்பதைத் தேர்வு செய்தால், ஏன் என்று கேட்கும் ஒரு கட்டம் கட்டாயம் திறக்கவேண்டும். காரணம் புரியவில்லை என்றால், அந்த முதியவர் சொன்னதைப் பத்து விநாடி குரல்பதிவாக அங்கேயே சேமித்து, அந்த மொழி தெரிந்த அடுத்த ஊழியரின் திரையில் அது முதலில் ஒலிக்கும்படி செய்யவேண்டும். ஏறத்தாழ எல்லா இல்லங்களிலும் ஏதாவது ஒரு பணிநேரத்தில் தமிழ் தெரிந்த ஒரு தாதியோ, உடற்பயிற்சி உதவியாளரோ, துப்புரவு ஊழியரோ இருப்பார். என் தாயாரின் நான்கு நாள் வேதனை அப்படி ஒருவர் காதில் விழுந்திருந்தால், முதல் நாள் மாலையிலேயே முடிந்திருக்கும்.

இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அரசாங்கமே நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்றவாறு உருவாக்கிய மொழிபெயர்ப்புத் தளத்தை 2022ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், மொழிபெயர்ப்பு மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டுமே தவிர, மூலத்தின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பேரப்பிள்ளைகளின் பேச்சில் ‘கடுப்பு’ என்றால் கோபம், எரிச்சல். இன்றைய எழுத்தைப் படித்துப் பழகிய இயந்திரம், ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லும் 88 வயதுப் பெண்மணியை எரிச்சலில் இருப்பவராகக் காட்டிவிட இடமுண்டு. மூலச் சொல்லும் குரலும் பதிவில் இருந்தால், பிறகு வரும் மனிதர் ஒருவர் திருத்திவிடலாம். இல்லாவிட்டால், தவறு கோப்பிலேயே நிலைத்துவிடும்.

தமிழைக் கணினியில் ஏற்றுவது கடினம் என்ற பேச்சுக்குச் சிங்கப்பூரில் இடமே இல்லை. நம்முடைய தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றிக் காட்டியது 1995ல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1997ல், உலகத் தமிழ்க் கணிமையாளர்கள் கூடிய மாநாடும் இங்கேதான் நடந்தது. உலகுக்கே முன்னோடியாக இருந்த ஊரில், அதிகாரத்துவ மொழிகள் நான்கில் ஒன்றைப் பேசும் மூதாட்டி சொன்ன ஒரு சொல்லை அவருடைய சொந்தப் பராமரிப்புப் பதிவில் எழுத இடமில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதையே மாண்டரின் தெரியாமல், சீன வட்டார மொழிகளை மட்டும் பேசும் சீன மூதாட்டிகளுக்காகவும் கேட்கிறேன். என் தாயாருக்கு அடுத்த கட்டிலில் இருப்பவர் தியோச்சியூ மட்டுமே பேசுவார். அவர் நிலையும் இதுதான்.

இப்போது இதைச் செய்யவேண்டிய காரணமும் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதை எட்டிவிட்டார். 2030ல் நால்வரில் ஒருவர் என்ற நிலை வரும். அதற்குள் தாதிமை இல்லப் படுக்கைகளை 31,000க்கும் மேலாக உயர்த்தச் சுகாதார அமைச்சு திட்டமிட்டுள்ளது. 2023 டிசம்பரிலிருந்து இந்த இல்லங்கள் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுகின்றன. முதியோர் பராமரிப்புச் சேவைகளை இணைக்கும் அரசாங்க நிறுவனமான ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் துணையோடு பல இல்லங்கள் பொதுவான ஒரு மென்பொருளுக்கு மாறியிருக்கின்றன. அதாவது, ஒவ்வோர் இல்லத்தின் கதவையும் தட்டவேண்டியதில்லை. ஓரிடத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்தால் பல கட்டில்களுக்கு அது போய்ச் சேரும். புதிய இல்லங்கள் திறக்கப்படும் முன்பே, மென்பொருள் ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டால் செலவும் குறையும், பிறகு மாற்றச் சொல்லி மன்றாடவும் வேண்டியிருக்காது.

அந்தரங்கம் பற்றிய அச்சம் நியாயமானது. 2018ல் பொது மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிக் கட்டமைப்பில் நடந்த ஊடுருவலில் 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே குரல்பதிவும் புண்ணின் படமும் இல்லத்தின் பாதுகாக்கப்பட்ட கருவியில் மட்டுமே எடுக்கப்படவேண்டும். ஊழியர்களின் சொந்தக் கைப்பேசி வழியாக வாட்ஸ்அப் குழுக்களில் அவை சுற்றக் கூடாது. நல்ல கருவியைக் கையில் கொடுத்தாலே பெரும்பாலான ஊழியர்கள் கைப்பேசியைத் தேடமாட்டார்கள் என்பது என் அனுபவம்.

நம் சமூகமும் கை கொடுக்கவேண்டும். தாதிமை இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்திருக்கும் பிள்ளைகள், உடல் உபாதைகளைக் குறிக்க அவர்கள் பயன்படுத்தும் பத்துப் பதினைந்து சொற்களை எழுதி, எதிரே எளிய ஆங்கிலத்தில் பொருளையும் சேர்த்து, இல்லத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்பதை முதலில் எழுதுங்கள். ‘வெளியே போகணும்’ என்று சொன்ன ஒரு முதியவரை நடைபாதைக்கு அழைத்துச் சென்று, பாவம், அவரை எல்லார் முன்னிலையிலும் கூசிப்போக வைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவை ஒருங்கிணைக்கும் வளர்தமிழ் இயக்கமும், நம் தமிழ்த் தாதியரும், பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் கணினி படிக்கும் தமிழ் மாணவர்களும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால், இந்த நோய்ச்சொற்களைக் குரலோடு தொகுத்து, எல்லா இல்லங்களும் பயன்படுத்தும் வகையில் கொடுத்துவிடலாம். தொகுப்பவர்களுக்கு என் 34 ஆண்டு நினைவிலிருந்து சொற்களைத் தர நான் தயாராக இருக்கிறேன்.

என் தாயார் இருக்கும் இல்லத்தின் தலைமைத் தாதி, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, என் முன்னிலையிலேயே அவருடைய பதிவைத் திறந்து, ‘நீர்க்கடுப்பு’ என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, அதன் பொருளையும் சேர்த்தார். அதற்குக் கிடைத்த இடம் மூன்றாம் திரையின் அடியில், ‘சிறப்புக் குறிப்புகள்’ என்ற பகுதியில், அவர் குருதிவகைக்கும் பல்செட்டுக்கும் கீழே. இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் ஊழியர் அவ்வளவு தூரம் உருட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதை முதல் திரைக்குக் கொண்டுவரும்படி மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதியிருப்பதாக அவர் சொன்னார். அது வரும்வரை, அதே சொற்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, என் தாயாரின் தலைமாட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்